முகத்துவாரத்துக் கரும்பறவைகள்

நெட்டுக்குப்பத்தில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் பறக்கிற பறவை எல்லாமே கருப்புதான். சூரியன் கடலிலிருந்து எழுகிறது. அதற்கும் கண்ணுக்கும் நடுவே வந்தால் வெள்ளைக் கொக்கும் வெறும் நிழலுருவம்தான். மாலையில் இந்தச் சிக்கல் மேற்கே இடம் மாறிவிடும். கொசஸ்தலையாற்றின் பரப்பும் அதன் மேல் பறப்பவையும் எதிர்வெயிலில் அகப்பட்டுக்கொள்ளும். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய இந்தக் கரையில் கரும்பறவைகளை இனம் காண வருகிறவர் முதலில் தம் நிற்குமிடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்: காலையில் கடலுக்கு முதுகு, மாலையில் ஆற்றுக்கு முதுகு. இரண்டும் முடியாத உச்சிப்பொழுதில் மேலே பறப்பவற்றை விட்டுவிட்டு, கழியிலும் கம்பியிலும் உட்கார்ந்திருப்பவற்றைப் பார்ப்பது நல்லது.

உண்மையிலேயே கருப்பான பறவைகளிடமும் கருப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. இறகின் கருமைக்குக் காரணம் யூமெலனின் என்னும் நிறமி. அது நிறம் தருவதோடு இறகை உறுதிப்படுத்தவும் செய்கிறது. குளிர்காலத்தில் இங்கே வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்தின் வெளிறிய சிறகில் நுனி மட்டும் கருப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அதிகம் தேய்வது நுனிதான். நிறமித் துகள்களின் மேல் கெரட்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய படலம் அமையும்போது ஒளி அதில் பட்டுத் திரும்பி, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலம், பச்சை, ஊதா என்று மினுக்கம் காட்டும். ஆண்குயிலின் முதுகிலுள்ள நீலப் பளபளப்பும் தேன்சிட்டின் ஊதாவும் இப்படி வருபவை. பறவை சற்றுத் திரும்பினால் அந்த நிறம் அணைந்துவிடும். ஆகவே கருப்புப் பறவை என்ற விவரத்தை வைத்துக்கொண்டு தொடங்கலாம், முடிக்க முடியாது. அலகு, வால், கண், உட்காரும் விதம், பறக்கும் விதம், இருக்கும் இடம் ஆகியவைதான் முடித்து வைப்பவை. பல கையேடுகளில் ஒரு பறவையின் விவரிப்பு ‘உடல் முழுதும் கருப்பு’ என்று ஆரம்பிக்கிறது. களத்தில் அது கொஞ்சமும் உதவாத ஆரம்பம்.

அளவுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. சலீம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் ஒவ்வொரு பறவையின் பருமனையும் குருவி, மைனா, காகம், பருந்து போன்ற ஊரறிந்த பறவைகளோடு ஒப்பிட்டே சொன்னார். சென்டிமீட்டரைத் தூரத்திலிருந்து எவராலும் அளக்க முடியாது. காக்கையைவிடச் சிறியதா பெரியதா என்பதை யாரும் சொல்லிவிடலாம். இந்தக் கரையில் காக்கை இல்லாத இடமே கிடையாது என்பதால் ஒப்பிட ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும்.

அந்தக் காக்கையிலிருந்தே தொடங்கலாம். படகு கரையேறும் இடத்திலும், வலை உதறும் இடத்திலும், கருவாடு காயும் மணலிலும் திரிபவற்றில் பெரும்பாலானவை வீட்டுக் காகம். நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. நெற்றியும் தொண்டையும் கன்னங்கரேல் என்றிருக்கும். பின்கழுத்து, கழுத்தின் பக்கங்கள், மேல்மார்பு ஆகியவை சாம்பல் நிறம். அண்டங்காக்கை இதைவிடப் பெரியது, எங்கும் சாம்பல் கலவாத கருப்பு. புத்தகத்தில் இது எளிதாகத் தோன்றும். ஆனால் கழுத்துச் சாம்பலின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். தென்னிந்தியாவின் தெற்குப் பகுதியிலும் இலங்கையிலும் உள்ள கிளையினத்தில் அது நன்றாகவே கருத்திருக்கும். மழையில் நனைந்த காகத்திலும், வெயிலுக்கு எதிரே நிற்கும் காகத்திலும் சாம்பல் தெரியவே தெரியாது.

அப்போது பார்க்க வேண்டியது அலகும் நெற்றியும். அண்டங்காக்கையின் அலகு தடித்தது. மேல் அலகின் முதுகு வில்லாக வளைந்து நுனியில் இறங்கும். அலகு முடிகிற இடத்தில் நெற்றி செங்குத்தாக எழும்பும். வீட்டுக் காகத்தின் அலகு ஒல்லி. தலை சின்னது, உடலும் கச்சிதமானது. குரலும் தீர்ப்புச் சொல்லும். வீட்டுக் காகத்தின் ‘கா’ மூக்கால் வருகிற, தட்டையான ஓசை. அண்டங்காக்கை அடித்தொண்டையில் கரகரத்துக் கத்தும். நெரிசலான குடியிருப்பையும் மீன் கரையையும்விட மரங்கள் செறிந்த இடங்களில்தான் அண்டங்காக்கை நிலைகொள்ளும். கருவாட்டு மணலில் ஐம்பது காக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தோள் உயர்ந்து, மற்றவை வழிவிடும்படி நடந்தால் அது அண்டங்காக்கையாக இருக்க வாய்ப்பு மிகுதி.

துறைமுகப் பகுதி என்பதால் வீட்டுக் காகம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது கப்பலேறிப் பழகிய பறவை. நங்கூரமிட்ட கப்பலில் தீனி தேடி ஏறி, கப்பல் நகர்ந்த பிறகும் அங்கேயே தங்கி, அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடும். 1990களில் இப்படித்தான் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் குடியேறி, குளிரையும் தாங்கிக் கூடு கட்டியது. சான்சிபார் தீவுக்கு 1890களில் மனிதர்களே அதைக் கொண்டுபோனார்கள், குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று. அதன் பின்விளைவு கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுகப் பரவியது. 2024இல் கென்யா அரசு பத்து லட்சம் காகங்களை ஒழிக்கத் திட்டம் அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் ஊரிலிருந்து பார்த்தால் வினோதமான செய்திதான்.

காக்கையோடு குழப்பிக்கொள்ளப்படும் முதல் பறவை ஆண்குயில். நீளத்தில் காக்கைக்குச் சமம். ஆனால் அந்த நீளத்தில் பெரும்பங்கு வாலுடையது, உடல் மெலிந்தது. அலகு வெளிர்பச்சை, கண் இரத்தச் சிவப்பு. இந்த இரண்டும் இருந்தால் காக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. காக்கை தரையில் நடக்கும், குயில் தரைக்கு வருவது அபூர்வம். வேம்பிலும் ஆலிலும் இலைக்குள் பழம் தேடும். பறக்கும்போது நேர்க்கோட்டில் விரைந்து போகும், பின்னாலேயே இரண்டு காக்கைகள் விரட்டிக்கொண்டு வந்தால் ஐயமே வேண்டாம். பெண்குயில் கருப்பே அல்ல. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் நிறைந்தது. பங்குனி, சித்திரையில் கேட்கும் ‘கூ-ஊ’ ஆணின் குரல். பெண் ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாகக் கத்தும்.

தேர்ந்தவர்களும் தடுமாறுவது குயில் குஞ்சிடம். காக்கைக் கூட்டில் இடப்பட்ட முட்டை காக்கையின் முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். கோடையின் பிற்பகுதியில் கூட்டைவிட்டு வெளிவந்த குஞ்சு, காக்கையின் முன்னால் சிறகை நடுக்கி வாயைப் பிளந்து தீனி கேட்கும். ஆண்குஞ்சு அந்த வயதிலேயே பெரிதும் கருத்திருக்கும், கண்ணில் சிவப்பு இன்னும் ஏறியிருக்காது, ஊட்டுவதோ காக்கை. பார்ப்பவர் காக்கைக் குஞ்சு என்றே முடிவு கட்டிவிடுவார். இங்கே வால்தான் கைகொடுக்கும். குயில் குஞ்சின் வால் காக்கைக் குஞ்சுடையதைவிட நீண்டு நிற்கும். இறகுகளின் ஓரத்தில் வெளிறிய புள்ளிகளும் தெரியலாம்.

கரிச்சானை இனம் காணத் தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தால் போதும். இரட்டைவால் குருவி என்று பிள்ளைகளும் சொல்லும் பறவை. எண்ணூரின் மின் கம்பிகளும், மாட்டின் முதுகும், கருவேலங்குச்சியின் நுனியும் அதற்கு மேடை. அங்கிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பும். 28 செ.மீ. நீளம், அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட வால். வால் நுனி இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கம் வளையும். இறகு உதிர்க்கும் பருவத்தில் மட்டும் இந்தக் கவை காணாமல் போகும். அப்போது வாயின் ஓரத்திலுள்ள சிறு வெண்புள்ளியைத் தேட வேண்டும். தொலைநோக்கியில் ஒரு கடுகளவு தெரியும். இளம்பறவையின் வயிற்றில் வெண்கீற்றுகள் இருக்கும் என்பதால் அதை வேறு இனம் என்று எழுதிவிடக் கூடாது. குளிர்காலத்தில் வலசை வரும் சாம்பல் கரிச்சான் மர நிழலில் கருப்பாகவே தோன்றும். அதன் கண் கரிச்சானுடையதைவிடப் பளிச்சென்ற சிவப்பு, உடல் வெளிச்சத்தில் ஈயச் சாம்பல். திறந்த வெளியின் கம்பியைவிட மரக்கிளையை விரும்பும்.

கரிச்சானின் குணமே ஓர் அடையாளம். தன் கூட்டுப் பக்கம் வரும் காக்கையையும் பருந்தையும் மேலிருந்து குத்தி விரட்டும். காக்கையின் முதுகில் ஏறிக் கொத்திக்கொண்டே பறக்கும் சின்னக் கருப்பு உருவம் என்றால், வாலைப் பார்க்கும் முன்பே பெயரை எழுதிவிடலாம். இந்தக் காவலை நம்பி வேறு பறவைகளும் அதே மரத்தில் கூடு வைப்பதுண்டு.

கருவேலம் புதருக்குள் காக்கையளவில் ஒரு கருப்புப் பறவை தரையோடு நடந்து மறைந்தால் அது பெரும்பாலும் செம்போத்து. சிறகு செங்கல் நிறம், நிழலில் அது தெரியாது. அகன்ற நீண்ட வால், சிவந்த கண், உரலிடிப்பது போன்ற ‘ஊப் ஊப்’ குரல் ஆகியவை போதும். பறக்கும்போது தள்ளாடித் தள்ளாடி அடுத்த புதர் வரைக்கும்தான் போகும்.

சிறியவற்றில் மூன்று. கல் குவியலிலும் சுற்றுச்சுவரிலும் வாலை நிமிர்த்தி நிற்கும் கருஞ்சிட்டு குருவியைவிடச் சற்றுப் பெரியது. ஆணின் தோளில் வெண்திட்டும், வாலடியில் செம்பழுப்பும் உண்டு. தென்னிந்திய ஆணின் முதுகு கருப்பு, வட இந்திய ஆணின் முதுகு பழுப்பு. வடக்கே எடுத்த படங்களை வைத்து இங்கே தேடினால் ஏமாற்றம்தான். மற்ற இரண்டும் தேன்சிட்டுகள், குருவியைவிடச் சிறியவை. இனப்பெருக்கக் காலத்து ஊதாத் தேன்சிட்டு ஆண் தூரத்தில் கருப்பாகத் தெரியும். அந்தக் காலம் முடிந்ததும் அந்த உடையைக் களைந்துவிட்டு, மஞ்சள் அடிவயிறும் தொண்டை நடுவே ஒரு கருங்கோடுமாக மாறிவிடும். லோட்டன் தேன்சிட்டின் அலகு இன்னும் நீளம், வளைவும் அதிகம். மார்பில் ஒரு செம்பழுப்புப் பட்டை ஓடும், வயிறு கரும்பழுப்பு. பெயருக்குரியவர் 1750களில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த ஜோன் கிடியன் லோட்டன்.

நீர்ப்பறவைகளுக்கு வரும்போது விஷயம் கனக்கிறது. கழிமுகத்தில் வலை கட்ட நட்ட கழிகளில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை நீர்க்காகங்கள். பெயரில் காகம் இருந்தாலும் காக்கைக் குடும்பத்தோடு உறவு இல்லை. நான்கு விரல்களும் ஒரே சவ்வால் இணைந்த பாதம் அவற்றுடையது. இறகின் வெளிப்பகுதி நீரை ஏற்றுக்கொள்ளும். அதனால் மிதப்புக் குறைந்து மீனின் பின்னால் முங்க முடிகிறது. மேலே வந்ததும் காயவைக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

இங்கே அதிகம் தென்படுவது சின்ன நீர்க்காகம். சுமார் 50 செ.மீ., காக்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அலகு கட்டை, கழுத்து குட்டை, வால் உடலுக்கு நீளம். இந்திய நீர்க்காகம் 63 செ.மீ. வரை வரும். அலகு நீண்டு மெலிந்து நுனியில் கொக்கியாகும். கண் நீலப்பச்சை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கழிகளில் இருந்தால் வேறுபாடு உடனே விளங்கும். ஒன்று மட்டும் தனியாக இருந்தால் தலையையும் அலகையும் ஒப்பிட வேண்டும். அலகு தலையின் நீளத்தைவிடத் தெளிவாகக் குறைந்தால் சின்னது, தலைக்கு ஈடாகவோ அதற்கு மேலோ நீண்டால் இந்திய நீர்க்காகம். பெரிய நீர்க்காகம் 80 செ.மீ.க்கு மேல். தாடையில் மஞ்சள் தோலும், அதைச் சுற்றி வெண்மையும் காட்டும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தொடையில் வெண்திட்டு தோன்றும். பறக்கும்போது அதுவே முதலில் கண்ணில் படும்.

காலமும் முக்கியம். தென்னிந்தியாவில் சின்ன நீர்க்காகம் கூடு கட்டுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடக்கே அது ஜூலை, ஆகஸ்டு. வேடந்தாங்கல் மரங்கள் நிறைவதும் மழைக்குப் பிறகுதான். அந்த மாதங்களில் சின்ன நீர்க்காகம் பளபளக்கும் கருப்பு, தலையின் பக்கங்களில் மெல்லிய வெண்மயிர்கள் நிற்கும். இந்திய நீர்க்காகத்துக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு வெண்குஞ்சம். மற்றக் காலங்களில் சின்ன நீர்க்காகத்தின் தொண்டை வெளுத்து, உடல் பழுப்பேறும். ஒரே பறவையை ஜனவரியிலும் ஜூனிலும் பார்த்து இரண்டு இனம் என்று குறித்தவர்கள் உண்டு.

பாம்புத்தாராவை நீர்க்காகத்திலிருந்து பிரிக்க அலகே போதும். நீர்க்காகத்தின் அலகு கொக்கி, மீனைக் கவ்வுவதற்கு. பாம்புத்தாராவினுடையது ஈட்டி, குத்துவதற்கு. அலகால் மீனைக் குத்தி, மேலே வந்து உதறித் தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். கழுத்தெலும்பில் ஓரிடத்தில் இருக்கும் மடிப்புதான் அந்தத் திடீர்க் குத்துக்கு விசை. பறக்கும்போதும் அந்த முடிச்சு கழுத்தில் தெரியும். நீந்தும்போது உடல் முழுக்க முங்கி, கழுத்து மட்டும் நெளிந்து நிற்கும். நீர்க்காகமும் தாழ்ந்தே நீந்தும், ஆனால் முதுகு ஓரளவு தெரியும். உட்கார்ந்திருக்கும் பாம்புத்தாராவின் முதுகிலும் சிறகிலும் வெள்ளிக் கோடுகள் ஓடும். உயரே வட்டமிட்டுப் பறக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. நீண்ட கழுத்தும் விரிந்த நீண்ட வாலும் சேர்ந்து வானில் ஒரு சிலுவை உருவம் தெரிந்தால், கீழே இறங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

சேற்றில் இரைதேடும் கூட்டத்தில் கருப்பாகத் தெரிகிற வளைந்த அலகுப் பறவை பழுப்பு அரிவாள்மூக்கன். நல்ல வெளிச்சத்தில் அது செம்பழுப்பும் பச்சை மினுக்கமுமாக மாறிவிடும். வயல்வெளியில் இருக்கும் கருப்பு அரிவாள்மூக்கனுக்குப் பின்னுச்சியில் சிவப்பும் தோளில் வெண்திட்டும் இருப்பதால் குழப்பம் நீளாது. நாமக்கோழியும் தாழைக்கோழியும் உப்பேறிய முகத்துவாரத்தைவிட உள்ளே உள்ள ஏரிகளில்தான் அதிகம். நாமக்கோழிக்கு நெற்றியும் அலகும் வெள்ளை, தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு, அலகு நுனி மஞ்சள். கரைக்கொக்கு என்ற இனத்தில் கருஞ்சாம்பல் வடிவம் ஒன்று உண்டு. மேற்குக் கரையில் மிகுதி, கிழக்கே குறைவு. கருத்த உடல், வெண்தொண்டை, மஞ்சள் பாதம் மூன்றும் ஒரு சேர இருந்தால்தான் அந்தப் பெயரை எழுத வேண்டும்.

கடைசியாக, கருப்பே இல்லாத கரும்பறவைகள். மீன் கரைக்கு மேலே வட்டமிடும் ஊர்ப்பருந்து பழுப்புதான், எதிர்வெயிலில் கருத்துவிடும். வாலின் கவை அதன் அடையாளம், ஆனால் வாலை முழுதாக விரித்தால் கவை மறைந்து ஓரம் நேராகும். பக்கத்திலேயே பறக்கும் செம்பருந்தின் வாலோ எப்போதும் வட்டம். இன்னும் செம்மை ஏறாத இளம் செம்பருந்தைப் பிரிக்க இதுவே வழி. பனையைச் சுற்றும் பனை உழவாரன்களும் இப்படித்தான், வானத்துக்கு எதிரே கருவளைவுகளாகத் தெரியும் பழுப்புப் பறவைகள். நிறமிக் குறைபாட்டால் வெள்ளை இறகுடன் பிறக்கும் காக்கைகள் இதற்கு மறுபுறம். அலகும் நடையும் குரலும் காக்கையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எண்ணூருக்கு இன்னொரு வகைக் கருப்பையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக முகத்துவாரத்தில் படர்ந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய உடலோடு நின்றன. இத்தகைய பறவையைக் கரும்பறவை என்று பதிவு செய்யாமல் இருக்க சில குறிகள் உண்டு. இயற்கைக் கருப்பு இறகுகளின் வரிசையை ஒட்டி நடக்கும், இடமும் வலமும் ஒத்திருக்கும். எண்ணெய்க் கருப்பு நீர்மட்டத்தில் கோடிட்டதுபோல் வயிற்றோடு நிற்கும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் படியும். இறகுகள் தனித்தனியாக இராமல் ஈரக் குச்சிகளாக ஒட்டிக்கொள்ளும். சின்னக் கொக்கின் கருங்காலில் மஞ்சளாக இருக்க வேண்டிய விரல்கள் எண்ணெயில் மறைந்துபோகலாம், அப்போது வெண்மையாக மிஞ்சியிருக்கும் முதுகையும் ஒல்லியான கருப்பு அலகையும் நம்ப வேண்டும். கூழைக்கடாவுக்குப் பையோடு கூடிய அலகு எந்த நிலையிலும் மறையாது.

பறவை இடைவிடாமல் அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு குறி. எண்ணெய் இறகின் நுண்கொக்கிகளைக் குலைத்துவிடுவதால் மிதப்பும் உடற்சூடும் குறைகின்றன. கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகிறது. அப்படிப்பட்ட பறவையைத் துரத்திப் பிடிப்பதும், கையில் கிடைத்த சோப்பால் கழுவுவதும் அதை மேலும் சோர்வடையச் செய்யும். இடம், நேரம், எண்ணெய் படிந்த பகுதி, அலகின் வடிவம் ஆகியவற்றைக் குறித்து, ஒரு படத்தோடு வனத்துறைக்குத் தெரிவிப்பதே செய்ய வேண்டியது.